நிழற்படத்தில் விழாத வெற்றி

வெற்றி என்னும் சொல்லை நாம் மிக எளிதாகக் கையாண்டு வருகிறோம். தேர்வு முடிவு வெளிவரும் நாளிலும், பரிசுக் கோப்பை கைமாறும் வேளையிலும், மேடையில் பொன்னாடை போர்த்தப்படும் பொழுதிலும் கைதட்டுகிறோம். அந்த ஒரு நொடிதான் வெற்றி என்று மனத்தில் பதித்தும் கொள்கிறோம். அந்நொடிக்கு முன்னே கிடந்த ஆண்டுகளையோ, அதற்குப் பின்னே விடியப்போகும் நாளையோ எண்ணிப் பார்ப்பதில்லை. இது குறைபட்ட பார்வை என்பது நம் கருத்து.

இக்கருத்துக்கு நம் ஊர்த் திடல்களில் பழக்கமில்லாத ஓர் ஆட்டத்திலிருந்து சான்று காட்ட விழைகிறோம். 1950 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், ஃபிலடெல்ஃபியா நகரை அடுத்துள்ள மெரியன் கோல்ஃப் திடலில் பென் ஹோகன் என்னும் வீரர் அமெரிக்க ஓப்பன் பட்டத்தை வென்றார். அவ்வெற்றியை உலகம் ஒரே ஒரு நிழற்படத்தால் நினைவில் வைத்திருக்கிறது. அந்தப் படம் மெய்யானது. ஆயினும் வெற்றி அந்தப் படத்தில் இல்லை என்பதே நாம் இங்கு நிறுவ விரும்புவது.

"கோல்ஃப் செல்வர்களின் ஆட்டமாயிற்றே, அதில் மாணவர்க்கு என்ன படிப்பினை இருக்கிறது?" என்று சிலர் வினவக்கூடும். வினா நியாயமானதே. விடை அவ்வீரரின் பிறப்பிலிருந்து தொடங்குகிறது.

பை சுமந்த சிறுவன்

பென் ஹோகன் 1912 ஆகஸ்ட் 13 அன்று டெக்சாஸ் மாநிலத்தில் பிறந்தார். தந்தை கொல்லர். மகனுக்கு ஒன்பது வயதாயிருக்கையில், 1922 இல், அத்தந்தை தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். ஃபோர்ட் வொர்த் நகரில் வாழ்ந்த அக்குடும்பத்திற்குத் தாய் ஒருத்தியே துணையானார். சிறுவன் தொடர்வண்டி நிலையத்தில் செய்தித்தாள் விற்றான். பின்னர்க் கோல்ஃப் திடலில் செல்வர்களின் மட்டைப் பையைச் சுமந்து நடந்தால் கூலி கிடைக்கும் என்று கேள்வியுற்று அங்கே சென்றான். பிறருடைய பையைச் சுமந்துகொண்டே பிறருடைய ஆட்டத்தைப் பார்த்துக் கற்றுக்கொண்டான். அதே திடலில் அதே வேலையைச் செய்த மற்றொரு சிறுவன் பைரன் நெல்சன். பிற்காலத்தில் இருவருமே உலகப் புகழ் பெற்றனர்.

1930 இல், பதினேழு வயதில், ஹோகன் தொழில்முறை ஆட்டக்காரரானார். உடனே புகழ் வந்து சேர்ந்துவிடவில்லை. பந்து இடப்பக்கமாக வளைந்து ஓடும் குறை அவர் ஆட்டத்தில் இருந்தது. கையிலிருந்த பணம் தீர்ந்து ஊர் திரும்பியது ஒரு முறையன்று. 1938 இல் ஓக்லண்ட் போட்டிக்குச் சென்றிருந்தபோது அவருடைய காரின் சக்கரங்களைத் திருடர்கள் கழற்றிச் சென்றுவிட்டனர். கையில் ஒரு சில டாலர்களே எஞ்சியிருந்த நிலையில் ஆடிப் பெற்ற பரிசுத் தொகைதான் அவரைத் தொழிலில் நிலைக்கச் செய்தது. தனியாளாக அவர் வென்ற முதற்போட்டி 1940 இல் வந்தது. தொழிலுக்கு வந்து பத்தாண்டுகள் கழிந்த பின்பு!

அப்பத்தாண்டுகளில் அவர் செய்தது பயிற்சி ஒன்றே. மற்றவர்கள் ஆட்டம் முடிந்து ஓய்வெடுக்கும் வேளையில் அவர் மீண்டும் திடலுக்குச் சென்று மணிக்கணக்கில் பந்தை அடித்துக்கொண்டிருந்தார். மட்டையைப் பிடிக்கும் முறையை மாற்றினார். வளையும் பந்தை வசப்படுத்தினார். 1946 இலும் 1948 இலும் தொழில்முறைச் சங்கத்தின் வாகையர் பட்டத்தையும், 1948 இல் அமெரிக்க ஓப்பன் பட்டத்தையும் வென்றார். முப்பத்தாறு வயதில் அவர் தம் கலையின் உச்சியில் நின்றார். அப்போதுதான் இடி விழுந்தது.

மூடுபனியில் வந்த பேருந்து

1949 பிப்ரவரி 2 அன்று காலை ஹோகனும் அவர் மனைவி வேலரியும் மேற்கு டெக்சாசில் வான் ஹார்ன் என்னும் ஊருக்கு அருகே காரில் சென்றுகொண்டிருந்தனர். சாலையை மூடுபனி மறைத்திருந்தது. முன்சென்ற சரக்குந்து ஒன்றை முந்த முயன்ற பேருந்து, ஒரு பாலத்தின்மேல் அவர்கள் காருக்கு நேர் எதிரே வந்தது. ஒதுங்க இடமில்லை. அந்த நொடியில் ஹோகன் தம் மனைவியைக் காக்க அவர்மீது குறுக்கே பாய்ந்து விழுந்தார். மோதலில் ஸ்டியரிங் தண்டு ஓட்டுநர் இருக்கையைத் துளைத்துச் சென்றது. மனைவியைக் காக்கப் பாய்ந்ததே அவரையும் காத்தது.

இடுப்பெலும்பு இரண்டிடங்களில் முறிந்திருந்தது. தோளெலும்பும் இடது கணுக்காலும் விலா எலும்பும் காயமுற்றிருந்தன. எல் பாசோ நகர மருத்துவமனையில் உடல் தேறிவரும் வேளையில், கால்களில் உறைந்த இரத்தக் கட்டிகள் நுரையீரலை நோக்கி நகர்ந்தன. நியூ ஆர்லியன்சிலிருந்து ஆல்ட்டன் ஆக்ஸ்னர் என்னும் அறுவை மருத்துவர் வரவழைக்கப்பட்டார். கட்டிகள் மேலே ஏறாதிருக்க, உடலின் கீழ்ப்பாதியிலிருந்து இதயத்திற்கு இரத்தத்தைக் கொண்டுசெல்லும் பெருஞ்சிரையை அவர் கட்டி அடைத்தார். உயிர் தப்பியது. ஆயின் கால்களின் இரத்த ஓட்டம் அதன்பின் வாழ்நாள் முழுவதும் சீராகவில்லை. 59 நாள்கள் கழித்து அவர் வீடு திரும்பியபோது, அவர் இனி நடப்பாரா என்பதே ஐயமாக இருந்தது. ஆடுவாரா என்று கேட்பார் இல்லை.

அவர் அவசரப்படவில்லை என்பதை இங்கு அழுத்தமாகக் குறிக்க விரும்புகிறோம். முதலில் வீட்டுக்குள் சில சுற்று நடை. பிறகு தெருவில் நடை. நெடுநாள் கழித்தே மட்டை. 1949 செப்டம்பரில் இங்கிலாந்தில் நடந்த ரைடர் கோப்பைப் போட்டிக்கு அமெரிக்க அணியின் தலைவராகச் சென்றார், ஆனால் ஆடவில்லை. 1950 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பன் போட்டியில்தான் மீண்டும் ஆட வந்தார். அங்கே சாம் ஸ்னீடுடன் சமநிலை எய்தி, மறு ஆட்டத்தில் தோற்றார். தோல்விதான், ஆயினும் அவர் மீண்டுவிட்டார் என்பதை நாடறிந்தது.

மெரியனில் நான்கு நாள்கள்

அமெரிக்க ஓப்பன் போட்டியில் ஒரு சுற்று என்பது 18 குழிகள். நான்கு சுற்றுகளிலும் சேர்த்து மிகக் குறைந்த அடிகளில் பந்தைக் குழியில் சேர்ப்பவரே வெற்றியாளர். அந்நாளில் முதலிரு சுற்றுகள் இரு நாள்களிலும், இறுதியிரு சுற்றுகள் சனிக்கிழமை ஒரே நாளிலும் நடைபெற்றன. 1964 வரை இவ்வழக்கம் நீடித்தது. நலமான கால்களுக்கே அது சோதனை. சிரை கட்டப்பட்ட கால்களுக்கு அது என்னவாயிருக்கும் என்பதை நாம் விவரிக்க வேண்டுவதில்லை. ஹோகன் ஒவ்வொரு காலையும் வெந்நீரில் ஊறியிருந்து, கணுக்காலிலிருந்து தொடைவரை பட்டைத்துணி சுற்றிக்கொண்டே திடலுக்கு வந்தார்.

மெரியன் திடலில் குழியைக் காட்ட வழக்கமாகக் கொடி பறப்பதில்லை. கம்பின் உச்சியில் பிரம்புக்கூடை ஒன்று இருக்கும்.  முதல் நாளில் லீ மேக்கி என்னும் பெயரறியாத இளைஞர் 64 அடிகளில் சுற்றை முடித்து அனைவரையும் வியப்பில் ஆழ்த்தினார். மறுநாள் அதே இளைஞருக்கு 81 அடிகள் தேவைப்பட்டன. ஒரு நாள் ஒளி எவர்க்கும் வாய்க்கும். மறுநாளும் அதனைக் காத்து நிற்பதே அரிது என்பதற்கு அப்போட்டியே தந்த சான்று இது.

ஹோகன் முதல் நாள் 72, இரண்டாம் நாள் 69, சனிக்கிழமை காலை 72 என ஆடி, முன்னணியிலிருந்த லாயிட் மேங்ரமுக்கு இரண்டே அடி பின்னே நின்றார். பிற்பகலில் மேங்ரம் தடுமாற, ஹோகன் முன்னே வந்தார். வெற்றி அவர் கைக்கு எட்டிவிட்டதெனக் கூட்டம் நம்பியது. ஆனால் 12 ஆம் குழிக்கருகே கால்கள் இறுகின. நிற்பதே அரிதாயிற்று. 12, 15, 17 ஆம் குழிகளில் ஒவ்வோர் அடியை இழந்தார். 18 ஆம் குழிக்கு வந்தபோது அவர் முன்னணியில் இல்லை. அக்குழியை விதித்த நான்கு அடிகளில் முடித்தால் சமநிலை. ஓரடி கூடினால் தோல்வி.

முதல் அடியைச் செவ்வனே அடித்தார். இன்னும் 200 கஜத்துக்கு மேல் தொலைவு இருந்தது. ஆடுவதற்கு மிகக் கடினமானதெனக் கருதப்படும் முதலாம் எண் இரும்பு மட்டையைக் கையிலெடுத்தார். பந்து பறந்து சென்று குழித்திடலில் நின்றது. அந்த அடியை அடித்து முடித்து, மட்டை தோளுக்குப் பின்னே உயர்ந்திருக்க, வெள்ளைத் தொப்பியுடன் அவர் நிற்பதைப் பின்புறமிருந்து ஹை பெஸ்கின் என்னும் படக்கலைஞர் எடுத்தார். இருபுறமும் மக்கள் கூட்டம். எதிரே தொலைவில் குழித்திடல். அதுவே நாம் முதலில் குறிப்பிட்ட நிழற்படம். கோல்ஃப் வரலாற்றில் அதைவிடப் புகழ்பெற்ற படம் ஒன்றில்லை எனலாம். அவர் நின்ற இடத்தில் இன்று ஒரு நினைவுத் தகடு பதிக்கப்பட்டுள்ளது.

படம் சொல்லும் பாதி

அந்த அடிதான் பட்டத்தை வென்றது என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மை அதுவன்று. பந்து நின்ற இடம் குழியிலிருந்து ஏறத்தாழ 13 கஜத் தொலைவு. அங்கிருந்து மெல்ல உருட்டிய பந்து குழியைத் தாண்டி ஒரு கஜத்துக்குச் சற்றுமேல் ஓடியது. எஞ்சிய அச்சிறு தொலைவையும் தவறாமல் உருட்டிய பின்னரே நான்கு அடிகள் நிறைந்தன. மொத்தம் 287. மேங்ரமுக்கும் 287, ஜார்ஜ் ஃபாசியோவுக்கும் 287. ஆக, அந்தப் புகழ்பெற்ற அடி வெற்றியைத் தரவில்லை. மறுநாள் மீண்டும் 18 குழிகள் நடக்கும் உரிமையை மட்டுமே தந்தது.

ஜூன் 11, ஞாயிறு. முந்தைய நாள் 36 குழிகள் நடந்து நிற்க முடியாமல் தவித்த மனிதர் அன்று என்ன செய்தார்? மீண்டும் பட்டைத்துணி சுற்றிக்கொண்டு திடலுக்கு வந்து 69 அடிகளில் சுற்றை முடித்தார். மேங்ரமுக்கு 73, ஃபாசியோவுக்கு 75. பட்டம் வெல்லப்பட்டது அங்கேதான். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பிற்பகலுக்குப் புகழ்பெற்ற படம் ஏதுமில்லை. நான்கு நாள்களில் 90 குழிகள். அவற்றுள் நாம் நினைவில் வைத்திருப்பதோ ஓர் அடி!

அன்றைய ஆட்டத்தில் மற்றொரு நிகழ்ச்சியும் உண்டு. 15 குழிகள் முடிந்தபோது மேங்ரம் ஓரடி மட்டுமே பின்னே இருந்தார். 16 ஆம் குழித்திடலில் தம் பந்தின்மேல் அமர்ந்த பூச்சியொன்றை ஊதிவிடுவதற்காகப் பந்தைக் கையில் எடுத்துவிட்டார். அந்நாளைய விதிப்படி அது குற்றம். இரண்டு அடிகள் தண்டமாகச் சேர்ந்தன. இன்றைய விதிகளின்படி குழித்திடலில் பந்தை அடையாளமிட்டு எடுத்துத் துடைக்கத் தடையில்லை. போர்முனையில் காயமுற்று விருது பெற்ற வீரர் மேங்ரம். ஒரு பூச்சியால் வந்த தண்டத்தை அவர் பெரும் வழக்காடாமல் ஏற்று ஆட்டத்தை முடித்தார். அத்தண்டத்தைக் கழித்துப் பார்த்தாலும் அவர் கணக்கு 71. ஹோகனின் கணக்கு 69. அடுத்த குழியிலேயே நெடுந்தொலைவிலிருந்து பந்தைக் குழிக்குள் உருட்டி ஹோகன் ஐயத்திற்கிடமின்றிச் செய்தார். எனவே பூச்சிதான் பட்டத்தைத் தந்தது என்பாரோடும் நாம் உடன்படவில்லை.

இவ்வெற்றியை 'அதிசயம்' என்று எழுதியவர் பலர். 1951 இல் அவர் கதை திரைப்படமாகவும் வந்தது. ஆயினும் 'அதிசயம்' என்று சொல்லிவிட்டால் நம் கடமை முடிந்துவிடுகிறது. அதிசயத்தை வியக்கலாம்; பின்பற்ற இயலாது. பத்தாண்டுப் பயிற்சியையும் படிப்படியான நடையையும் பின்பற்ற இயலும். மெரியனில் இறுகிய கால்களைத் தாங்கியது பழகிய கைகளே. ஹோகன் வென்ற ஒன்பது பெரும்பட்டங்களுள் விபத்துக்கு முன்பு வந்தவை மூன்று. பின்பு வந்தவை ஆறு. 1953 ஆம் ஆண்டில் மட்டும் மாஸ்டர்ஸ், அமெரிக்க ஓப்பன், பிரிட்டிஷ் ஓப்பன் ஆகிய மூன்றையும் அவர் வென்றார். அதிசயம் ஆறு முறை நிகழ்வதில்லை.

இதனால் உடல் நோவைப் பொருட்படுத்தாமல் ஆடுவதே வீரம் என்று நாம் சொல்வதாக எவரும் கொள்ளற்க. விபத்துக்குப் பின் ஹோகன் ஆண்டுக்கு ஒரு சில போட்டிகளில் மட்டுமே ஆடினார். தம் உடலால் இயலுவது எவ்வளவு என்று அளந்து, அந்த அளவுக்குள் முழுமையைத் தேடினார். அளவறிந்து முயல்வதும் ஆற்றலின் ஒரு பகுதியே.

தட்டியும் திறவாத கதவு

இத்துடன் கட்டுரையை முடித்தால் விடாமுயற்சி ஒன்றே போதும் என்ற பாதி உண்மையைச் சொன்னவராவோம். மறுபாதியும் சொல்லப்பட வேண்டும்.

ஹோகன் காலத்தில் பில் ஸ்பில்லர் என்னும் ஆட்டக்காரர் இருந்தார். ஹோகனைவிட ஓராண்டே இளையவர், கல்லூரிப் பட்டதாரி, கறுப்பினத்தவர். பட்டம் பெற்றிருந்தும் லாஸ் ஏஞ்சலிஸ் தொடர்வண்டி நிலையத்தில் சுமை தூக்கிப் பிழைத்தார். 1948 லாஸ் ஏஞ்சலிஸ் ஓப்பன் போட்டியின் முதல் நாளில் அவர் 68 அடிகளில் சுற்றை முடித்து, அதே ஹோகனுக்குச் சமமாக நின்றார். அப்போட்டியில் காட்டிய திறத்தால் அடுத்து ரிச்மண்டில் நடக்கவிருந்த போட்டிக்கு அவரும் டெட் ரோட்ஸ் என்பவரும் தகுதி பெற்றனர். அங்கே சென்றபோது ஆட இடமில்லை என்று திருப்பி அனுப்பப்பட்டனர். தொழில்முறைச் சங்கத்தில் வெள்ளையர் மட்டுமே உறுப்பினராகலாம் என்னும் விதி அன்று இருந்தது. அவர்கள் வழக்குத் தொடுத்தார்கள். பாகுபாடு காட்டோம் என்று சங்கம் உறுதி கூறவே வழக்கு முடிந்தது. ஆனால் போட்டிகள் 'அழைப்புப் போட்டிகள்' எனப் பெயர் மாறின. அழைப்பு மட்டும் அவர்களுக்கு வரவில்லை. அவ்விதி நீக்கப்பட்டது 1961 இல். ஸ்பில்லரின் ஆட்டக் காலம் அதற்குள் கழிந்துவிட்டது.

தொடர்வண்டி நிலையத்தில் செய்தித்தாள் விற்ற சிறுவனும், தொடர்வண்டி நிலையத்தில் சுமை தூக்கிய பட்டதாரியும் ஒரு நாள் ஒரே கணக்கில் நின்றார்கள். ஒருவரின் உழைப்புக்குக் கதவு திறந்தது. மற்றவரின் உழைப்பு கதவுக்கு வெளியே நின்றது. இதனால் ஹோகனின் பெருமை குறைந்துவிடவில்லை. அந்த விதியை இயற்றியவரும் அவரல்லர். ஆயினும் "முயன்றவன் வென்றான், வெல்லாதவன் முயலவில்லை" என்று தீர்ப்புக் கூற நமக்கு உரிமையில்லை என்பதை ஸ்பில்லரின் வரலாறு உரைக்கிறது.

ஹோகனும் தனியாளாக எழுந்தவரல்லர். பை சுமக்கும் சிறுவர்க்கு இடம் தந்த ஒரு திடல், பணமில்லாத நாள்களில் உடன்நின்ற மனைவி, தொலைவிலிருந்து வந்த ஒரு மருத்துவர் என்று பலருடைய கைகள் அவரைத் தாங்கின. அக்கைகளும் படத்தில் விழவில்லை.

நாம் கொள்ள வேண்டுவது

ஆகவே இருசாராரிடம் நாம் இரண்டு சொல்ல விழைகிறோம்.

மாணவச் செல்வங்களே, ஒரு தேர்வில் பெற்ற முதன்மையை மேக்கியின் 64 ஆகக் கருதுங்கள். மறுநாள் என்னவென்பதை நினைவிற்கொள்ளுங்கள். ஒரு தேர்வில் தவறினால் ஹோகனின் 17 ஆம் குழியாகக் கருதுங்கள். அடுத்த குழி இன்னும் இருக்கிறது. தவறிய தாளை மீண்டும் எழுத அமரும் மாணவரை எவரும் படமெடுப்பதில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை மெரியன் திடலுக்கு மீண்டும் வந்தவரின் இனத்தைச் சேர்ந்தவர் அவர்.

கல்விக்கூடங்களை நிறுவிக் காத்துவரும் பெரியோரும் ஆசிரியப் பெருமக்களும் நினைவிற்கொள்ள வேண்டுவது மற்றொன்று. முயற்சியை மாணவரிடம் எதிர்பார்க்கும் நாம், முயன்று வந்தவர் முன்னே கதவு திறந்திருக்கிறதா என்று நாள்தோறும் பார்க்கக் கடமைப்பட்டுள்ளோம். கட்டணத்தாலோ, பிறப்பாலோ, "இவரால் இயலாது" என்னும் முன்முடிவாலோ திருப்பி அனுப்பப்படும் ஒவ்வொருவரும் நாம் இழந்த ஒரு பில் ஸ்பில்லர்.

அந்த முதலாம் எண் மட்டை அப்போட்டி நாள்களிலேயே திருடு போயிற்று. பல ஆண்டுகள் கழித்துக் கிடைத்து, இன்று அமெரிக்க கோல்ஃப் சங்கத்தின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஹோகன் 1997 ஜூலை 25 அன்று மறைந்தார். மட்டை போன பின்பும் அவர் மேலும் ஐந்து பெரும்பட்டங்களை வென்றிருந்தார். திருடர் கையில் அகப்பட்டது இரும்பு மட்டுமே. ஆண்டுக்கணக்கில் பழகிய கை அவரிடமே இருந்தது.